இமிரி பயந்த வாசனை

அல்லிக்குளத்தின் வடகரையில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதனடியில் பழ ஈக்கள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. ஒவ்வொன்றும் எள்ளளவுதான் இருக்கும். கண் மட்டும் குன்றிமணிச் சிவப்பு. உதிர்ந்து நைந்த நாவல் பழமே அவற்றுக்கு வீடு. அதுவே சோறு. முட்டையிடும் தொட்டிலும் அதுவே.

அந்தக் கூட்டத்தில் இமிரி என்றொரு பெண் ஈ இருந்தாள். வாசனை பிடிப்பதில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை. மற்ற ஈக்கள் காலையில் முகர்ந்ததை மாலைக்குள் மறந்துவிடும். இமிரி ஒரு பழத்தை முகர்வாள், கொஞ்சம் ருசிப்பாள், இலையடியில் போய் ஓய்வாள். பிறகு மறுபடி வந்து முகர்வாள். இப்படி விட்டு விட்டு முகர்ந்த வாசனை அவள் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும்.

"அக்கா, இந்தக் காற்றில் வருவது பழுத்ததா, வெம்பியதா?" என்று யாராவது வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இமிரி தலையிலிருக்கும் உணர்கொம்பை லேசாக அசைப்பாள். "வெம்பல். போகாதே" என்பாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் இமிரியும் அவள் தங்கை சுணையும் குளத்தைத் தாண்டித் தென்கரைக்குப் போனார்கள். அங்கே ஒரு விளா மரம். குரங்கு ஒன்று பழத்தைப் பாறையில் அடித்து உடைத்து, பாதி தின்றுவிட்டுப் போட்டிருந்தது. ஓட்டுக்குள் பழுப்புச் சதை மின்னியது. புளிப்பும் இனிப்புமாக வாசனை ஆளைத் தூக்கியது.

"இவ்வளவு நல்ல பழத்தை இத்தனை நாள் விட்டுவைத்திருக்கிறோமே" என்று சொல்லிக்கொண்டே இமிரி ஓட்டின் விளிம்பில் இறங்கினாள். சுணை ஓட்டின் அந்தப் பக்கம் போனாள்.

இமிரி முதல் வாய் உறிஞ்சினாளோ இல்லையோ, பின்னாலிருந்து ஏதோ பாய்ந்தது. ஒரு வாய் படக்கென்று மூடியது. அவளுடைய இடது இறக்கையின் நுனி பிய்ந்து போனது. அவள் சுழன்று, தரையில் மோதி, எழும்பி, எப்படிப் பறந்தாள் என்று தெரியாமலே பறந்தாள். சுணையும் பதறிப் பின்னால் வந்தாள். பாய்ந்தது எது என்று இருவருமே பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கும் தைரியம் யாருக்கு இருந்தது?

நாவல் மரத்தடிக்கு வந்து விழுந்த இமிரியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"என்ன நடந்தது?"

"விளா" என்றாள் இமிரி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "விளாம்பழ வாசனை வந்தது. உடனே சாவு வந்தது. கேட்டுக்கொள்ளுங்கள், அந்த வாசனை எங்கே வந்தாலும் ஓடிவிடுங்கள்."

இமிரி சொன்னால் மறுபேச்சு ஏது? அன்றிலிருந்து தென்காற்று விளா வாசனையைக் கொண்டுவந்தால் மொத்தக் கூட்டமும் இலைகளுக்கடியில் ஒளிந்துகொண்டது. இமிரிக்கோ அந்த வாசனை லேசாகப் பட்டாலே போதும். அவள் நினைப்பதற்கு முன்பே அவள் இறக்கை திரும்பிவிடும்.

நாவல் காலம் முடிந்தது. மரத்தடியில் உலர்ந்த கொட்டைகள்தான் மிச்சம். ஈக்கள் காய்ந்த தோலை நக்கிப் பார்த்தன. கூட்டத்தில் முட்டை சுமந்த பெண்கள் பலர் இருந்தார்கள். இமிரியும் அவர்களில் ஒருத்தி. முட்டையிட ஈரமான பழம் வேண்டும். உலர்ந்த கொட்டையில் இட்டால் குஞ்சுகள் பொரித்த அன்றே செத்துப்போகும். தெற்கிலிருந்து மட்டும் விளா வாசனை கமகமவென்று வந்துகொண்டே இருந்தது. பசித்த வயிறு அந்தப் பக்கம் இழுக்கும், பயந்த மனம் இந்தப் பக்கம் இழுக்கும்.

குளக்கரையில் ஒரு பெரிய பாறை உண்டு. அதன் உச்சியில் செதிலன் என்ற மரப்பல்லி, மக்கிய மரப்பட்டை ஒன்றின் அடியில் குடியிருந்தான். பல்லி சொன்னால் பலிக்கும் என்பது அந்தக் காட்டில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. "நான் எறும்பு தின்பவன். ஈ எனக்கு ஆகாது" என்று அவன் அடிக்கடி சொல்வான். அவன் முசுறு எறும்புகளை நசுக்கித் தின்பதை ஈக்களும் தூரத்திலிருந்து பார்த்திருந்தன. ஆகவே அவனிடம் அவற்றுக்குப் பயம் இல்லை.

ஒரு காலையில் செதிலன் பாறை மேலிருந்து "உச், உச்" என்று குரல் கொடுத்தான்.

"ஈக்களே, உங்கள் பசியைப் பார்த்து மனசு கேட்கவில்லை. அதனால் ஒரு குறி சொல்கிறேன். தெற்கில் உங்களுக்குச் சாவு இருக்கிறது. இமிரி சொன்னது முழுக்க உண்மை. ஆனால் இந்தப் பாறையின் இடுக்கில் உங்களுக்கு வாழ்வு இருக்கிறது. அணில் போட்ட சீத்தாப்பழம் உள்ளே உருண்டு கிடக்கிறது. நிழலான இடம், மழை படாது, பறவை வராது. ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். இடுக்கு குறுகல், நெரிசல் ஆகக் கூடாது."

கூட்டத்துக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. முதலில் கிளம்பியவன் தும்பன். கூட்டத்திலேயே பசி தாங்காதவன் அவன்தான். போனவன் திரும்பவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். அவர்களும் திரும்பவில்லை.

"போனவர்களைக் காணோமே, செதிலனாரே?" என்று சுணை கேட்டாள்.

"பந்தியில் உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து வருவானா, அம்மா?" என்றான் செதிலன். "வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்குகிறார்கள். நீங்களும் போய்ச் சேருங்கள்."

மறுநாள் இமிரி கிளம்பினாள். வயிற்றுப் பாரத்தோடு, பிய்ந்த இறக்கையோடு மெல்லப் பறந்து இடுக்கின் வாயை நெருங்கினாள். சீத்தாப்பழ வாசனை வந்தது. நல்ல பழுத்த பழம்தான். இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள்.

சட்டென்று உடம்பு நடுங்கியது. இறக்கை தானாகத் திரும்பியது. நினைத்துப் பார்ப்பதற்குள் அவள் குளத்தோரக் கோரையில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. 'ஏன் ஓடி வந்தேன்? அங்கே விளா வாசனை துளிகூட இல்லையே. விளாவைக் கண்டால்தானே என் இறக்கை இப்படித் திரும்பும்?'

அவள் கோரையில் அமைதியாக உட்கார்ந்து அந்த வாசனையைப் பிரித்துப் பார்த்தாள். மேலே சீத்தாவின் இனிப்பு. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. மக்கிய மரப்பட்டையின் நெடி. அதோடு நசுங்கிய முசுறு எறும்பின் புளிப்பு.

இதை எங்கே முகர்ந்தோம்?

விளா மரத்தடியில்தான். ஓட்டின் விளிம்பில் இறங்கிய அந்த நொடியில், விளாவின் வாசனைக்கு அடியில் இதுவும் இருந்தது. விளா பலமாக அடித்ததால் அவள் அதை மட்டும் பிடித்துக்கொண்டாள். இதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் உடம்பு இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறது.

'அன்று அங்கே இருந்தது இரண்டு வாசனை' என்று நினைத்தாள் இமிரி. 'கடித்தது எது? விளாவா, மற்றதா?'

யூகத்தை நம்பி யாரிடமும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஏற்கனவே ஒருமுறை அவசரப்பட்டுச் சொல்லியாகிவிட்டது. நேரே போய்ப் பார்த்துவிடுவது என்று தெற்கே கிளம்பினாள்.

அது அத்தனை சுலபமாக இல்லை. குளத்தின் நடுவில் விளா வாசனை வந்ததுமே இறக்கை திரும்பிவிட்டது. ஓர் அல்லி இலையில் இறங்கி நடுக்கம் தணியும்வரை இருந்தாள். மறுபடி கிளம்பினாள். மறுபடி திரும்பினாள். ஆனால் இந்த முறை முன்னைவிடக் கொஞ்சம் கிட்டே போய்த்தான் திரும்பினாள். வாசனை வந்தது, ஆனால் எதுவும் கடிக்கவில்லை. அதை அவள் உடம்பு குறித்துக்கொண்டது.

அன்று அந்த அல்லி இலையிலேயே தூங்கினாள். தூங்கி எழுந்தபோது நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. கரை வரை போனாள். திரும்பி வந்து ஓய்ந்தாள். மரத்தடி வரை போனாள். திரும்பி வந்து ஓய்ந்தாள். அப்புறம் ஒருமுறை, பல்லைக் கடித்துக்கொள்ள ஈக்குப் பல் இல்லாவிட்டாலும் அப்படியொரு உறுதியோடு, உடைந்த விளாம்பழத்தின் மேலேயே போய் இறங்கினாள்.

கொம்பை நீட்டி நாலாபக்கமும் முகர்ந்தாள். விளா மட்டும்தான். மக்கிய பட்டை நெடி இல்லை, எறும்புப் புளிப்பும் இல்லை. ஒரு வாய் உறிஞ்சினாள். காத்திருந்தாள். எதுவும் பாயவில்லை. இன்னொரு வாய் உறிஞ்சினாள்.

பல நாளாக நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அப்போது இறங்கிப் போனது. இமிரி அந்தப் பழத்தின் மேலேயே சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பசி அடங்கியதைவிட, பயம் அடங்கியதுதான் அவளுக்குச் சுகமாக இருந்தது.

அப்புறம்தான் தங்கையின் நினைவு வந்தது. பதைத்துப் போய் வடகரைக்குப் பறந்தாள்.

அங்கே கூட்டம் பாறையடியில் வரிசையாக நின்றிருந்தது. வரிசையின் முதலில் சுணை. செதிலனைக் காணவில்லை. இடுக்கு மட்டும் இருட்டாக வாய் திறந்து கிடந்தது.

"சுணை, நில்!" என்று கத்திக்கொண்டே இமிரி கூட்டத்துக்குள் வந்து விழுந்தாள்.

அவள் உடம்பெல்லாம் விளாம்பழச் சாறு. அந்த வாசனை பட்டதுதான் தாமதம், கூட்டம் அலறிச் சிதறியது. "விளா! சாவு வந்துவிட்டது" என்று ஆளாளுக்கு ஓடினார்கள். இமிரி சொல்லிக்கொடுத்த பாடத்தை யாருமே மறந்திருக்கவில்லை. சுணையும் பயந்துபோய் இடுக்கை நோக்கித்தான் ஓடினாள்.

"அடியே, என்னைப் பார்" என்றாள் இமிரி. அவள் பின்தொடரவில்லை. கிட்டே போனால் தங்கை இன்னும் உள்ளே ஓடிவிடுவாள் என்று தெரிந்தது. நின்ற இடத்திலேயே நின்றாள். "என் மேலெல்லாம் விளா. நான் செத்தா போய்விட்டேன்?"

சுணை இடுக்கின் வாசலில் தயங்கி நின்றாள். "நீதானே சொன்னாய், அந்த வாசனை வந்தால் சாவு என்று?"

"சொன்னேன். அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன். இப்போது விளாம்பழத்தின் மேல் உட்கார்ந்து வயிறு நிறையத் தின்றுவிட்டு வருகிறேன்."

இடுக்குக்குள்ளிருந்து செதிலனின் குரல் கேட்டது. "பாவம், பசியில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. நீ உள்ளே வா, அம்மா. பழம் காத்திருக்கிறது."

"உள்ளே நீங்கள் எதற்கு இருக்கிறீர்கள், செதிலனாரே?" என்று இமிரி கேட்டாள். "சீத்தாப்பழம் நீங்கள் தின்பதில்லையே?"

சுணை இடுக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"சுணை, நான் சொல்வதை நம்ப வேண்டாம். நீயே முகர்ந்து பார். சீத்தாவை ஒதுக்கிவிடு. அதற்கு அடியில் என்ன இருக்கிறது? அன்று விளா மரத்தடியில் நீயும் என்கூட இருந்தாய் அல்லவா?"

சுணை கொம்பை நீட்டினாள். ஒருமுறை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். அவள் உடம்பு நடுங்கத் தொடங்கியதை இமிரி அங்கிருந்தே பார்த்தாள்.

"பட்டை நெடி" என்று முனகினாள் சுணை. "எறும்புப் புளிப்பு. அக்கா, அன்றைக்கு..."

அவள் இறக்கை திரும்பிய அதே கணம் செதிலன் பாய்ந்தான். வாய் படக்கென்று மூடியது. ஆனால் வாய்க்குள் வெறும் காற்றுதான். பாய்ந்த வேகத்தில் அவன் கால் பாறையின் பாசியில் வழுக்கியது. பிடிக்க இடமில்லாமல் சறுக்கிக்கொண்டே போய்க் குளத்தில் தொப்பென்று விழுந்தான். ஒரு விரால் மீன் நீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. செதிலன் வாலை அதன் வாயில் விட்டுவிட்டு, தத்தளித்துத் தத்தளித்து மேற்குக் கரை ஏறி, புதருக்குள் ஓடி மறைந்தான். ஊருக்கெல்லாம் குறி சொன்னவனுக்குத் தன் குறி தெரியவில்லை. அதன் பிறகு அவன் அந்தப் பாறைப் பக்கம் வரவேயில்லை.

சுணை வந்து அக்காவின் மேல் சாய்ந்துகொண்டாள்.

அப்போது இடுக்குக்குள்ளிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டது. "போய்விட்டானா?"

தும்பனின் குரல். இமிரி விரைந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பழத்துக்குப் பின்னால், பல்லியின் தலை நுழைய முடியாத ஒரு கீற்றில், தும்பனும் இன்னும் சிலரும் ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சீத்தாச் சாறு அந்தக் கீற்றில் வழிந்ததால் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். போனவர்கள் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இருவரைச் செதிலன் விழுங்கியிருந்தான். மற்றவர்கள் தள்ளாடிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்கள். அவர்களைக் கண்டதும் ஓடிப் போனவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

"கத்திச் சொல்ல வேண்டியதுதானே?" என்று தும்பனிடம் கேட்டாள் சுணை.

"கத்தினோம், கத்தினோம். அவன் குரல்தான் வெளியே கேட்டது" என்றான் தும்பன்.

அன்றே கூட்டம் தெற்கே புறப்பட்டது. குளத்தின் நடுவில் விளா வாசனை அடித்ததும் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். இமிரி யாரையும் கடிந்துகொள்ளவில்லை. "திரும்புங்கள், பரவாயில்லை. அல்லி இலையில் உட்காருங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். அப்புறம் மறுபடி வாருங்கள்" என்றாள். பயத்தைச் சொல்லக் கேட்டு மட்டும் கற்றவர்கள் சீக்கிரமே அதை விட்டுவிட்டார்கள். சுணைக்குக் கொஞ்சம் நாள் பிடித்தது. ஆனால் ஒருவர்கூட விடுபடாமல் எல்லோரும் விளா மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களிடம் இமிரி ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "பட்டை நெடியும் எறும்புப் புளிப்பும் சேர்ந்து வந்தால் மட்டும் ஓடுங்கள். அந்தப் பயம் நமக்கு வேண்டும்."

விளாம்பழங்கள் விழுந்துகொண்டே இருந்தன. குரங்குகள் உடைத்துப் போட்டுக்கொண்டே இருந்தன. நல்ல ஈரமான, பதமாகப் புளித்த சதை ஒன்றைத் தேடி இமிரி முட்டையிட்டாள். கடைசி முட்டையையும் இட்டு முடித்ததும் பாரம் இறங்கிய வயிற்றோடு ஓட்டின் நிழலில் படுத்தாள். காற்று அடித்தது. விளா வாசனை அவள் மேல் வந்து விழுந்தது. இறக்கை திரும்பவில்லை. அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

பட்ட அடியை மறக்கக் கூடாதுதான். ஆனால் அடித்தது எது என்று ஆராயாமல் பயப்படுகிறவர், சோற்றை விட்டு ஓடி எதிரியின் வாயில் போய் விழுவார்.